தலைப்பிரசவம், பிபி 150/100: அக்காவைப் பாலம் தாண்டிக் கூட்டி வரலாமா?

தங்கச்சிமடத்தான்
எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு இது தலைப்பிரசவம். வயது 36. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து உண்டாகியிருக்கிறாள். இப்போது 29-வது வாரம், டிசம்பர் முதல் வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். கட்டிக்கொடுத்தது பரமக்குடியில். போன வாரம் செக்கப்பில் பிபி 150/100, யூரினில் புரதம் ஒரு பிளஸ் என்று வந்தது. ‘ஹை ரிஸ்க்’ என்று சொல்லி அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, பிபியைக் குறைக்கும் லேபிட்டலால் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கோ தலைவலிகூட இல்லை. கால் மட்டும் வீங்கியிருக்கிறது.

வீட்டில்தான் பிரச்சினை. இந்த மாதக் கடைசியில் வளைகாப்பு போட்டு, ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்துக்குக் கூட்டி வர அம்மா எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். தலைப்பிள்ளையை மாமியார் வீட்டில் பெற்றால் ஊர் என்ன பேசும் என்பது அவர் கவலை. மச்சானுக்கு விருப்பமில்லை, ஆனால் வாய் திறக்க மாட்டார். நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். பாம்பன் பாலம் தாண்டிக் கூட்டி வருவது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூடைக்கருவாடு
தம்பி, எங்கள் அம்மா ஏழு பிள்ளை பெற்றார், ஏழும் வீட்டில்தான். கால் வீக்கம் எல்லாப் பிள்ளைத்தாச்சிக்கும் வருவதுதான். நெருஞ்சிமுள் கஷாயம், பார்லி கஞ்சி கொடுங்கள், உப்பைக் குறையுங்கள், நீர் வடிந்துவிடும். இப்போதெல்லாம் முக்கால்வாசிப் பேரை ஹை ரிஸ்க் என்று பயமுறுத்திக் கத்தி வைப்பதே வேலையாகிவிட்டது.

உச்சிப்புளி நர்ஸம்மா
கிராம சுகாதார செவிலியராக இந்தக் கடற்கரையில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீக்கம். கால் வீக்கம் நோய் இல்லை, அது வடிந்தால் நோய் போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. 20 வாரத்துக்குப் பிறகு பிபி 140/90-ஐத் தாண்டி, கூடவே யூரினில் புரதமும் போனால் அதன் பெயர் ப்ரீஎக்ளாம்சியா. நஞ்சுக்கொடி கருப்பையில் பதியும்போது அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சரியாக விரிந்து கொடுக்காததில் இது தொடங்குகிறது. பிறகு தாயின் ரத்தக்குழாய், சிறுநீரகம், கல்லீரல், மூளை வரைக்கும் பாதிக்கும். குழந்தைக்கு வரும் ரத்தம் குறைந்து எடை ஏறாமல் நிற்கும். கஷாயம் குடித்து யூரின் நிறையப் போனாலும் உள்ளே நடப்பது நடந்துகொண்டேதான் இருக்கும். சாப்பாட்டில் உப்பைச் சுத்தமாக நிறுத்துவதாலும் இந்த நோய் தடுக்கப்படுவதில்லை. அதற்காகக் கருவாட்டைத் தினமும் வைக்கச் சொல்லவில்லை, அளவாக இருக்கட்டும்.

அக்காவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்கிறீர்கள். இந்த நோயில் ஏமாற்றுவதே அதுதான். படகு இன்ஜின் சூடேறுவது முதலில் மீட்டரில்தான் தெரியும். புகை வந்த பிறகு பார்த்தால் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். தாங்க முடியாத தலைவலி, கண்ணில் மின்னுவது அல்லது மங்குவது, வலது விலாவுக்குக் கீழே அல்லது நெஞ்சுக்குழியில் வலி, வாந்தி, மூச்சு வாங்குவது, முகமும் கையும் திடீரென்று ஊதுவது, இதில் எது வந்தாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சுக்குழி வலியை ‘வாயு’ என்று சொல்லிப் பெருங்காயம் கொடுத்து உட்கார்ந்திருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இந்த நோய்க்கு முடிவு பிரசவம்தான். மாத்திரை பிபியைத்தான் பிடித்து வைக்கும், நோயைக் குணமாக்காது. தீவிரமில்லை என்றால் 37 வாரம் வரை இழுத்துப் பார்ப்பார்கள். 160/110-க்குப் போனாலோ, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் இறங்கினாலோ, கல்லீரல் சோதனை கெட்டாலோ, குழந்தை தளர்ந்தாலோ அதற்கு முன்பே எடுப்பார்கள். ஆக, டிசம்பர் தேதி என்பது உங்கள் அக்காவுக்கு வெறும் காகிதத்தில்தான். 37 வாரம் என்றாலே நவம்பர் நடு. அதற்கு முன்பு எந்த ராத்திரியிலும் “இப்போதே கூட்டி வா” என்று சொல்லலாம். வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இந்தப் பிரசவத்துக்கு உதவாது.

அதனால் தாய் வீடா மாமியார் வீடா என்று யோசிக்காதீர்கள். மயக்க மருந்து டாக்டர், ரத்த வங்கி, குறைமாதக் குழந்தைக்குக் கண்ணாடிப் பெட்டி மூன்றும் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம் என்று யோசியுங்கள். சீமாங்க் மையம் என்று சொல்வார்களே, அது. நம் பக்கத்துக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேலே என்றால் மதுரை ராஜாஜி. ராமேஸ்வரத்தில் இருந்து ராமநாதபுரமே 55 கி.மீ. பக்கம், அங்கிருந்து மதுரை 110 கி.மீ.க்கு மேல். தீவில் இருந்து மதுரைக்கு என்றால் நீங்களே கூட்டிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். புரதம் தெரிந்த அன்று பிளேட்லெட், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்தார்களா? குழந்தை வளர்ச்சியும் அதற்குப் போகும் ரத்த ஓட்டமும் பார்க்க டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்களா? எடுக்கவில்லை என்றால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போங்கள்.

பழைய 108
நர்ஸம்மா சொன்னதற்கு மேல் மருத்துவம் நான் பேசவில்லை. 108 வண்டியில் ஓடியவன் என்ற முறையில் சாலையைப் பற்றிச் சொல்கிறேன்.

1988-ல் ரோட்டுப் பாலம் வந்த பிறகு தீவு தீவாக இல்லை என்று நினைக்கிறோம். சாதாரண நாளில் உண்மைதான். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் வந்து பாருங்கள். அது வேண்டாம், கப்பலுக்காக ரயில் பாலத்தைத் தூக்கினால் போதும், அத்தனை வண்டியும் ரோட்டுப் பாலத்தில் ஓரம் கட்டிவிடும். சைரன் அடித்தாலும் போனில் படம் எடுத்து முடித்துவிட்டுத்தான் நகர்வார்கள். அப்புறம் மழை. 2024 நவம்பர் 20 ஞாபகம் இருக்கிறதா? ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, தங்கச்சிமடம் பாம்பன் எல்லாம் தண்ணீரில் நின்றது. உங்கள் அக்காவுக்கு 37 வாரம் வருவது அதே நவம்பரில்தான்.

இந்த பிபி முற்றி வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லோருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பது, பல்லுக்கு நடுவில் கரண்டி வைப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. 108-க்குக் கூப்பிடும்போது “வயிற்றுப் பிள்ளைக்காரி, பிபி இருக்கிறது, வலிப்பு” என்று இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள். தெருப் பெயரைவிடச் சர்ச், பள்ளிவாசல், ஐஸ் கம்பெனி என்று அடையாளம் சொன்னால் சீக்கிரம் வந்து சேருவோம்.

உச்சிப்புளி நர்ஸம்மா
108 தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அங்கே ஒரு நிமிடம் நிறுத்தினாலும் வீணில்லை. மக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் போட்டுத்தான் மேலே அனுப்புவோம். வழியில் மறுபடி வலிப்பு வராமல் அது காக்கும்.

தங்கச்சிமடத்தான்
நர்ஸம்மா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன சோதனைகள் எடுக்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. நாளைக்கே போகச் சொல்லிவிட்டேன். வீட்டிலேயே பிபி பார்க்க மெஷின் வாங்கலாமா? மாமியார் அவளைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லையாம், அது நல்லதா? நேற்று 130/80 வந்ததும் மாத்திரையை நிறுத்தலாமா என்று வேறு கேட்கிறாள்.

உச்சிப்புளி நர்ஸம்மா
130/80 வந்ததே மாத்திரையால்தான். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

மெஷின் வாங்குங்கள், மேல்கையில் கட்டுகிற மாதிரி. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை பருமன் என்றால் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள், சின்னப் பட்டை கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். காலை, மாலை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மாத்திரை போட்டும் 140/90-க்கு மேலேயே நின்றால் போன் செய்து கேளுங்கள். 160/110 என்றால் கால் மணி நேரத்தில் இன்னொரு தடவை பாருங்கள், அப்போதும் அப்படியே என்றால் கிளம்பிவிட வேண்டும். வாங்கிய மெஷினை முதலில் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்குள்ள மெஷினோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

கட்டிலோடு கட்டிப்போடச் சொல்லி எந்த வழிகாட்டலும் இல்லை. நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். பளு தூக்க வேண்டாம், மத்தியானம் ஒருக்களித்துப் படுக்கட்டும், மற்றபடி வீட்டுக்குள் நடமாடட்டும். மாமியார் பாசத்தில் செய்கிறார், பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, 28 வாரம் தாண்டிவிட்டதால் குழந்தையின் அசைவை அக்காவே கவனிக்க வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தால் அன்றைக்கே போக வேண்டும். ‘காலையில் பார்க்கலாம்’ கூடாது.

கீழக்கரை லாத்தா
எங்கள் ஊரில் பெண் கடைசிவரை உம்மா வீட்டில்தான், மாப்பிள்ளைதான் வந்து போவார். அதனால் இந்தத் தாய் வீட்டுச் சண்டை எங்களுக்கு இல்லை 😊 எங்கள் சண்டை சாப்பாட்டில்.

எனக்கு இரண்டாவது பிள்ளைக்குச் சுகர் வந்தது. முதல் செக்கப்பில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது நார்மல். ‘அதான் பார்த்தாச்சே’ என்று 24 வாரத்துக்கு மேல் சொன்ன சோதனைக்கு வீட்டில் அனுப்ப மனமில்லை. நான்தான் அடம்பிடித்துப் போனேன், 140-ஐத் தாண்டியிருந்தது. முதலில் நார்மல் என்று வந்தவர்களும் 24-28 வாரத்தில் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். நஞ்சுக்கொடி வளர வளர அதிலிருந்து வரும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாதாம், அதனால்தான் பிந்தி வருகிறது.

சுகர் என்றதும் வெள்ளைச் சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டி காபி கொடுத்தார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், ஏறத்தான் செய்யும். எங்கள் ஊர் இனிப்பு தொதலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் வைக்கச் சொன்னார்கள். சோற்றைக் குறைத்து மீனும் காய்கறியும் கூட்டியும் அடங்கவில்லை, கடைசியில் இன்சுலின். ஒருதடவை ஊசி போட்டால் ஆயுசுக்கும் போட வேண்டும் என்று பயமுறுத்தினார்கள். அப்படியெல்லாம் இல்லை, பிள்ளை பிறந்ததும் எனக்கு நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஆறு வாரம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்வார்கள், அதை விட்டுவிடாதீர்கள். இப்படிச் சுகர் வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு அதிகம்.

நோன்பு மாதம் குறுக்கே வந்தது. ஆலிம்சாவிடமே கேட்டோம். கர்ப்பிணிக்கு உடம்புக்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்றால் விட்டுவிட்டுப் பிறகு நிறைவேற்றலாம் என்றார். இன்சுலின் போட்டுக்கொண்டு யாரும் சொந்த யோசனையில் நோன்பு வைக்காதீர்கள்.

சூடைக்கருவாடு
சரி, நோய் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஹை ரிஸ்க் என்று எழுதிவிட்டால் ஆபரேஷன்தானே? எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணை ‘பிபி’ என்று ஒரே வார்த்தை சொல்லி அன்று மாலையே அறுத்துவிட்டார்கள், பில்லும் தீட்டினார்கள். அதைப் பார்த்த கோபத்தில்தான் பேசுகிறேன்.

உச்சிப்புளி நர்ஸம்மா
அண்ணே, உங்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. காரணம் சொல்லாமல் அறுத்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஹை ரிஸ்க் என்றால் கவனம் கூடுதல் என்று அர்த்தம், ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. பிபி மட்டும் இருந்து, தாயும் பிள்ளையும் நிலையாக இருந்தால் மருந்து வைத்து வலி வரவழைத்துச் சுகப்பிரசவமே பார்ப்பார்கள். 32, 33 வாரத்தில் திடீரென்று மோசமானால் அதற்கு நேரம் இருக்காது, அப்போது கத்திதான் வழி. நஞ்சுக்கொடி கருப்பை வாயை முழுக்க மூடியிருந்தாலும் சிசேரியன்தான், அதில் பேரம் கிடையாது. வலியே இல்லாமல் ரத்தம் போனால் அது இந்த வகையாக இருக்கலாம், உள்ளே கைவிட்டுப் பார்க்க யாரையும் விடாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: “இன்றைக்கே ஏன், இரண்டு நாள் பொறுத்தால் தாய்க்கு என்ன, பிள்ளைக்கு என்ன?” ஒழுங்கான டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். 34 வாரத்துக்கு முன்பு எடுக்க வேண்டி வந்தால் பிள்ளையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா என்றும் கேளுங்கள்.

நெறியாளர்
மருந்தின் பெயரையும் அளவையும் இங்கே படித்துவிட்டு யாரும் தாமாகக் கடையில் வாங்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விகளுக்காகத்தான் இந்த இழை.

பாசிக்காரி மகள்
சின்னப்பாலம் பக்கம். எங்கள் அம்மா, அத்தை எல்லாம் வயிற்றுப் பிள்ளையோடு பாசி எடுக்கக் கடலில் இறங்கியவர்கள். இங்கே பிபியைவிட ரத்தசோகைதான் அதிகம் பார்க்கிறேன், அதையும் ஹை ரிஸ்க்கில் சேர்ப்பார்கள்தானே? எனக்கு ஐந்தாம் மாதம், ஹெச்பி (ஹீமோகுளோபின்) 8.2. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது.

உச்சிப்புளி நர்ஸம்மா
7-க்குக் கீழே போனால் கடும் ரத்தசோகை, உள்நோயாளியாகச் சேர்ப்பார்கள். 8.2-ஐயும் லேசாக விடக் கூடாதம்மா. பிரசவத்தில் எல்லோருக்கும் ரத்தம் போகத்தான் செய்யும், 11 இருப்பவள் தாங்குவதை 7 இருப்பவள் தாங்க மாட்டாள். புரட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடு. டீ, காபியோடு போடாதே, முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விடு. கால்சியம் மாத்திரையையும் அதையும் சேர்த்து விழுங்காதே, ஒன்று மற்றதைக் கெடுக்கும். பூச்சி மாத்திரை போட்டார்களா என்று உங்கள் நர்ஸிடம் கேள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கென்றே டாக்டர் பார்ப்பார், அன்றைக்குப் போய்விடு. இப்போதைக்குப் பாசிக்குப் போக வேண்டாம்.

மண்டபம் மைதிலி
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். முதல் பிரசவத்தில் எனக்கும் இதே பிபி, பிள்ளை எட்டாம் மாதம் பிறந்தது. இப்போது 9 வாரம். மறுபடி வராமல் தடுக்க வழி உண்டா?

உச்சிப்புளி நர்ஸம்மா
உண்டு, நீங்கள் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். முன்பு வந்தவர்களுக்கு 12-வது வாரத்தில் இருந்து சிறு அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். பழைய டிஸ்சார்ஜ் சீட்டோடு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். கால்சியமும் கேளுங்கள். தங்கச்சிமடம் தம்பியின் அக்காவுக்கு இது பிந்திவிட்டது, அவர் கேட்க வேண்டாம்.

தங்கச்சிமடத்தான்
நிலவரம் சொல்கிறேன். ரத்தச் சோதனை இப்போதைக்கு நார்மல், குழந்தை எடை கொஞ்சம் குறைவு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன், வாரம் இரண்டு தடவை செக்கப் என்றிருக்கிறார்கள். அம்மாவை நேரில் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்தேன். கொஞ்சம் அழுதார். வளைகாப்பு பரமக்குடியிலேயே, கூட்டம் இல்லாமல். அதன் பிறகு ராமநாதபுரத்தில் சித்தி வீட்டில் வைத்துக்கொள்வது, அம்மாவும் அங்கேயே வந்து இருப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்விடும் தூரம். ‘தாய் இருக்கும் இடம்தான் தாய் வீடு’ என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னதில்தான் அம்மா சமாதானமானார், நான் சொன்னதில் இல்லை.

பிக்மி நம்பர் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) பரமக்குடியில் போட்டது. ராமநாதபுரத்தில் பிரசவம் என்றால் சிக்கல் வருமா?

உச்சிப்புளி நர்ஸம்மா
நம்பர் ஒன்றுதான், அதையே காட்டுங்கள், புதிதாகப் போடாதீர்கள். பரமக்குடி நர்ஸிடம் இடம் மாறுவதைச் சொல்லிவிட்டு, ராமநாதபுரத்தில் சித்தி வீட்டுப் பகுதி நர்ஸையும் பார்த்துவிடுங்கள். ஹை ரிஸ்க் பட்டியலில் இருப்பவர்களைத் தொடர்ந்து விசாரிப்பார்கள், நடுவில் அறுந்துவிடக் கூடாது. பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி உதவித் தொகைக்கும் அதே நம்பர்தான் வேண்டும். ஸ்கேன், ரத்தச் சோதனை, பிபி நோட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் இப்போதே கொடையாளிகளைப் பார்த்து வைக்க வேண்டும், தாயின் ரத்தம் பிள்ளையின் ரத்தத்தை எதிர்க்காமல் இருக்க 28 வாரத்தில் போட வேண்டிய ஆன்டி-டி ஊசியும் உண்டு.

தங்கச்சிமடத்தான்
பி பாசிட்டிவ். பிழைத்தோம்.

பழைய 108
பிள்ளை பிறந்ததும் எல்லாம் முடிந்தது என்று ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். பிரசவமாகி நாலைந்து நாள் கழித்து வீட்டில் வலிப்பு வந்தவர்களையும் ஏற்றியிருக்கிறோம்.

உச்சிப்புளி நர்ஸம்மா
உண்மை. பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாளில் இருந்து ஆறாம் நாளுக்குள் பிபி மறுபடி ஏறும். ஆறு வாரம் வரை ஆபத்து இருக்கிறது. முதல் வாரமாவது ராமநாதபுரத்திலேயே இருங்கள், மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள். பால் கொடுக்கும்போதும் போடக்கூடிய பிபி மாத்திரைகள் இருக்கின்றன, அதனால் பாலுக்குப் பயந்து நிறுத்த வேண்டாம். பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை பிபி, சுகர் பார்த்துக்கொள்ளட்டும். இந்த நோய் வந்த பெண்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல்.

தங்கச்சிமடத்தான்
சரி நர்ஸம்மா. கடைசியாக அம்மாவின் கேள்வி. பிள்ளை பிறந்ததும் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுக்கலாமா? இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.

உச்சிப்புளி நர்ஸம்மா
வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை சுறா வேண்டவே வேண்டாம், பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். பால் கொடுக்கும்போதும் பெரிய சுறாவைத் தவிர்ப்பதுதான் நல்லது. நெத்திலி, சூடை தாராளமாகக் கொடுங்கள். புட்டுதான் வேண்டும் என்றால் விளைமீனில் செய்யச் சொல்லுங்கள், பூண்டைத் தட்டிப் போட்டால் அம்மாவே வித்தியாசம் சொல்ல மாட்டார்.

சூடைக்கருவாடு
அதெல்லாம் சொல்லுவார்.